இரணைமடுத் தண்ணீரும் பங்கில்லாதோரும்

கிளிநொச்சிப் பட்டினத்துக்கு மேற்கே உருத்திரபுரத்தில் ஒருவரிடம் வீடு எங்கே என்று வினவினால், எட்டாம் வாய்க்கால் என்றோ பத்தாம் வாய்க்கால் என்றோ விடை வரும். இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் இலக்கங்களே அவ்வூரில் விலாசமாகிவிட்டன. கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய அக்குளத்து வேலை, முதலாம் உலக மகாயுத்தத்தையும் கடந்து 1920களின் தொடக்கத்திலேதான் நிறைவெய்திற்று. பின்னர், காணி நெருக்கடியால் வருந்திய யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குடும்பங்கள் இங்கு வந்து காடு வெட்டிக் கமஞ்செய்யத் தலைப்பட்டன. வயற்காணியும் மேட்டுக்காணியும் பெர்மிட்டின்பேரில் அளந்து கொடுக்கப்பட்டன. இலங்கையின் குடியேற்றத் திட்டங்களை ஊர் ஊராகச் சென்று ஆராய்ந்து, 1957இல் பெருநூலொன்றை வெளியிட்ட கேம்பிரிட்ஜ்ப் புவியியலாளர் பி. எச். ஃபார்மர், குடியேறியோரின் அடுத்த தலைமுறைக்கு நிலம் எங்கே என்பதையும் ஒரு பிரச்சினையாகக் கண்டார். காணி துண்டுபடலாகாது என்ற நோக்கில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் ஒரு பின்னுரித்தாளரையே முதன்மைப்படுத்தியபடியால், ஒரு பெர்மிட்டின் கீழ் வாழ்ந்த குடும்பம் இன்று மூன்று நான்காகப் பெருகியிருக்க, நீருக்குரிய உரிமையோ அந்த ஒரு கடதாசியோடு நின்றுவிட்டது.

இதன் விளைவை நேரிற் காண விரும்புவோர் சிறுபோகக் கூட்டமொன்றிலே போய் அமர வேண்டும். காலபோகம் பெரும்பாலும் வடகீழ்ப் பருவமழையின் தயவில் நடப்பது. குளம் அதற்குக் கைகொடுக்கும் அவ்வளவே. சிறுபோகமோ முழுவதும் குளத்தையே நம்பியது. ஆதலால் மாரி ஓய்ந்தபின், அரசாங்க அதிபரின் தலைமையில், நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தின் அடிக்கணக்கை வாசிக்க, கமநல சேவை உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் கூடியிருந்து, எத்தனை ஏக்கர் செய்வது, எந்தத் திகதிக்குள் விதைத்து முடிப்பது, எந்த வயது நெல்லை இடுவது, துரிசை எப்போது பூட்டுவது என்பவற்றையெல்லாம் தீர்மானிக்கிறார்கள். குளத்தின் கீழ் 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல் இருப்பினும், பெரும்பாலான ஆண்டுகளில் அதன் ஒரு பகுதிக்கே தண்ணீர் காணும். எனவே, நீர் சிக்கனமாகச் சென்றடையக்கூடிய வயல்களைத் தெரிந்து, ஏனையோருக்கும் அவற்றிலே பங்கு வகுக்கும் வழக்கம் உண்டாயிற்று. தன் காணியிலே பிறன் ஒருவன் ஒரு போகம் விதைத்துக் கொள்வதற்கு இணங்குவதென்பது சாமானியமான காரியமன்று. பொதுவளத்தை அதனைப் பயன்கொள்வோரே விதிவகுத்துப் பரிபாலிக்க இயலும் என்று 1990இல் எழுதிய எலினோர் ஓஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தபோது, அத்தகைய விதியொன்றைத் தலைமுறைகளாகக் காத்துவந்த இம்மக்களிற் பலர் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களிலே கம்பிவேலிக்குள் இருந்தனர் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

ஆயினும் அவ்விதியைப் புகழ்ந்து அமைவதோடு நமது கடமை தீர்வதில்லை. அக்கூட்டத்தில் எண்ணப்படுவது ஏக்கர். ஏக்கர் இல்லாதவன் எண்ணப்படுவதில்லை. குளத்திலே வலைபோட்டு ஜப்பான் மீனும் விராலும் பிடித்துப் பிழைப்பவனுக்கு, துரிசு பூட்டியபின் எஞ்சிநிற்கும் நீரின் ஆழமே ஜீவாதாரம். பயிர் கருகும் தறுவாயில் இன்னும் ஓரடி தண்ணீர் திறக்கும்படி கமக்காரர் வேண்டுகையில், அந்த ஓரடி யாருடைய கறிச்சட்டியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று கேட்போர் அரியர். மாட்டுக்காரனின் நிலை இன்னும் இரங்கத்தக்கது: சிறுபோக வயலுக்குள் மாடு இறங்கினால் வழக்கு, காட்டுப் பக்கம் ஓட்டினால் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல், மேய்ச்சற்றரையோ கோரிக்கைக் கடிதங்களில் மட்டும் பசுமையாக இருக்கிறது. கூலிக்கு அருவி வெட்டிய பெண்களின் வேலையை வெட்டும் மெசின் ஒரு பொழுதிலே முடித்துவிடுகிறது. இவர்களுட் சிலர் விறகுக்கும் மணலுக்கும் போனால் அதனைச் சூழல் நாசம் என்று அறிக்கை எழுதுகிறோம், நாசந்தான், மறுப்பதற்கில்லை, ஆனால் அதன் தோற்றுவாய் ஆற்றுப்படுகையில் அன்று, பங்குப் பட்டியலிலே இருக்கிறது.

பெருந்திட்டங்களும் இதே கணக்கையே கைக்கொண்டன. சர்வதேச நிதியுதவியுடன் குளக்கட்டு உயர்த்தப்பட்டு, நீர் தேக்கும் மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாயிற்று. அதே காலத்தில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு இரணைமடு நீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிநீராகக் கொண்டுசெல்லும் யோசனை எழுந்தது. சுண்ணக்கற் பாறையின் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிவரும் குடாநாட்டின் தாகம் பொய்யன்று. அந்த யோசனையை எதிர்க்கும்படி கிளிநொச்சிக் கமக்காரரைத் தூண்டியது பிரதேச துவேஷம் என்று சிலர் உரைத்தனர். அது அநியாயமான கூற்று. மழை பொய்க்கும் ஆண்டிலே முதலுரிமை எவருக்கு என்பதே அவர்களுடைய வினா. சராசரி மழைவீழ்ச்சியைக் காட்டி அதற்கு விடையளிக்க முடியாது. கமக்காரன் சராசரி ஆண்டிலா கடன்படுகிறான்? முடிவில், இரணைமடு நீருக்குப் பதிலாக, குடாநாட்டின் தாளையடியிலே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. மின்சாரச் செலவை யார் சுமப்பது என்ற பிணக்கு இனித்தான் வரும்.

மழை பொய்த்தால்தான் நட்டம் என்பதில்லை. 2018 டிசம்பரில் பெருமழைக்குக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, அதன் கீழுள்ள கண்டாவளைப் பக்கம் வெள்ளத்தில் அமிழ்ந்தது. 2021இல் இரசாயனப் பசளை ஒரே ஆணையால் தடுக்கப்பட்டு, அவ்வாண்டு முடியுமுன்பே தடை நீங்கியபோதும் விளைச்சல் சரிந்தது. நீரும் பசளையும் வெவ்வேறு அலுவலகங்களுக்கு உரியவை. நட்டம் மட்டும் ஒரே வீட்டுக்கு வந்தது.

சிறுபோகத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் உடனே செய்யத்தக்கன சில உள. சிறுபோகக் கூட்டத்தில் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தினருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் இருக்கை மாத்திரமன்றி வாக்கும் வேண்டும். பூட்டவேண்டிய அடிமட்டம் கூட்டத்தின் தொடக்கத்திலேயே நிர்ணயிக்கப்பட்டு, போகம் முடியும்வரை மாற்றப்படாதிருக்க வேண்டும். குத்தகைக்குக் கைமாறும் பங்குகள் பதியப்பட்டு, பெர்மிட் இல்லாத இளங்குடும்பங்களுக்கு அவற்றில் முதலுரிமை கிடைக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் சீமெந்தோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் மூன்று வரிகள் சேர்த்தாற் போதும்.