பல்லு போனா சொல்லு மட்டுமா போச்சு?

டிஸ்கி: முழுக்க முழுக்க கறி பத்தின பதிவு. சைவ நண்பர்கள் இப்பவே அப்பீட் ஆகிக்கலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்ட முடியல. இப்ப எழுத வெச்சது ஒரு இரும்புச் சாமான்.

எங்க ஊரு குயிலாப்பாளையம். தெரியாதவங்களுக்கு: பாண்டிச்சேரிலேர்ந்து ஈ.சி.ஆர்ல வடக்கே வந்தீங்கன்னா கோட்டக்குப்பம் தாண்டி பெரிய முதலியார்சாவடில ஆரோவில்லுக்கு இடது பக்கம் திரும்புவீங்களே, அந்த ரோட்டுல இருக்குற ஊரு. செம்மண்ணும் முந்திரித் தோப்புமா கெடந்த இடம். 1968-ல ஆரோவில் வந்துச்சு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா பேக்கரி, காபிக்கடை, வாடகை வண்டிக்கடைன்னு ரோட்டோட மொகமே மாறிப் போச்சு. இப்ப ரோட்டுக்கு இந்தப் பக்கம் பரோட்டா சால்னா, அந்தப் பக்கம் ஸ்டீக். ரெண்டுத்துக்கும் கூட்டம் இருக்கு.

அந்த மாதிரி ஒரு கடையில எங்க தெரு அண்ணன் ஒருத்தர் மாஸ்டர். அவர் கிச்சன்லதான் இந்த மெஷினைப் பார்த்தேன். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரர் குடுத்துட்டுப் போனதாம். இங்கிலீஷ்ல மீட் டெண்டரைசர். கடைப் பசங்க வெச்சிருக்குற பேரு "பல்லு மெஷின்". கலைச்சொல் உருவாக்க ஒரு குழு போட்டு ஆறு மாசம் உக்காந்தாலும் இதைவிட நல்ல பேரு கெடைக்காது.

கைப்பிடி சுத்துற தேங்கா துருவி பார்த்திருப்பீங்க இல்ல, அதே மாதிரி மேசை ஓரத்துல திருகி மாட்டிக்கணும். உள்ள ரெண்டு தண்டு, ஒவ்வொண்ணுலயும் வரிசையா வட்ட பிளேடு. கைப்பிடியைச் சுத்துனா ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழையுற மாதிரி எதிரெதிரா சுத்தும். மேல எலும்பில்லாத கறித் துண்டை விட்டா கீழ வந்து விழும். கறி பிளேடுல சுத்திக்காம இருக்க நடுவுல சீப்பு மாதிரி ஒரு தகடு. ஒரு தடவை விட்டு எடுத்து, துண்டைக் குறுக்கே திருப்பி இன்னொரு தடவை விடணும். அவ்ளோதான், கரண்டு வேணாம்.

இதையும் கைமா மெஷினையும் கொழப்பிக்காதீங்க. கைமா மெஷின் கறியை ஒரு திருகால தள்ளி, ஓட்டைத் தகடு வழியா அரைச்சுத் துப்பும். கறி கறியா இருக்காது, கோலா உருண்டைக்குத்தான் ஆகும். பல்லு மெஷின்ல போற துண்டு துண்டாவேதான் வெளிய வரும். மேல கீழ கீறல் மட்டும் இருக்கும். இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்கங்க, கடைசில தேவைப்படும்.

போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸப் குரூப்ல போட்டேன். உடனே ரெண்டு கட்சி. அண்ணா நகர்ல இருக்குற அத்தை பையன் "மச்சி, எங்க ஆர்டர் பண்றது?"ன்னான். சித்தப்பா ஒருத்தர், "ஒரு துண்டு பப்பாளிக்கா போட்டா கறி பஞ்சாப் போயிடும். நம்ம முன்னோர்கள் ஒண்ணும் முட்டாள் இல்ல"ன்னு ஆரம்பிச்சு, அடுத்த அரை மணி நேரத்துக்கு அம்மிக்கல்லோட மருத்துவ குணங்கள்னு ஃபார்வர்டா தட்டி விட்டாரு. எனக்கு ரெண்டு கட்சியும் ஒத்து வரல.

மொதல்ல அத்தை பையனுக்கு. கறி கடுக்குனு இருக்க ரெண்டு காரணம். ஒண்ணு சதை நார், வைக்கோல் புரி மாதிரி நீள நீளமா கட்டுக் கட்டா இருக்கும். இன்னொண்ணு அந்தக் கட்டுகளைச் சுத்தி உறை போட்ட மாதிரி இருக்குற கொலாஜன்ங்குற புரதம். சூடு 60 டிகிரியைத் தாண்டும்போது கொலாஜன் சுருங்க ஆரம்பிச்சு கறியை இறுக்கும், சாறைப் பிழிஞ்சு வெளிய தள்ளும். ஆனா தண்ணியில நல்ல சூட்டுல ரொம்ப நேரம் வெந்தா அதே கொலாஜன் கரைஞ்சு ஜெலட்டின் ஆயிடும். ஆட்டுக்கால் சூப் குடிச்சா உதட்டுல பிசுபிசுன்னு ஒட்டுதே, அதான் அது. குக்கருக்குள்ள 120 டிகிரி வரைக்கும் போறதால இந்த வேலை மணிக்கணக்குலேர்ந்து நிமிஷக்கணக்குக்கு வந்துடுது.

பல்லு மெஷின் நாரை வெட்டிக் குட்டையாக்கும், உறையை அங்கங்க அறுக்கும். கரைக்காது. அஞ்சு நிமிஷத்துல தவாவுல போட்டு எடுக்குற ஸ்டீக்குக்கு அது போதும், அவங்களுக்குக் கரைக்க நேரம் இல்ல. குழம்புக்கு எதுக்கு? அதுவும் நம்ம ஆளுங்க எலும்பில்லாம கறி வாங்குறதே அபூர்வம். "பாய், நல்லி எலும்பு ரெண்டு சேர்த்துப் போடுங்க"ன்னு கெஞ்சுற கூட்டம் நாம. எலும்போட விட்டா பிளேடு போச்சு. ஆக மச்சி, ஞாயித்துக்கிழமை மட்டன் குழம்புக்கு இது தேவையே இல்ல. காசை மிச்சம் பண்ணு.

இப்ப சித்தப்பா. பப்பாளிக்காயில பப்பாயின்ங்குற என்சைம் இருக்கு, புரதத்தை வெட்டும், உண்மைதான். ஆனா கறிக்குள்ள ரொம்ப ஆழமா எறங்காது. மேலாப்புல மட்டும் வேலை செய்யும். ரொம்ப நேரம் ஊற வெச்சா மேல மாவு, உள்ள அதே ரப்பர். அதுக்கு இஞ்சி எவ்வளவோ மேல். இஞ்சியில இருக்குற ஜிஞ்சிபெயின் கொலாஜனையும் சேர்த்து கடிக்கும். இஞ்சி பூண்டு விழுது வாசனைக்கு மட்டும்னு நெனைச்சுக்கிட்டு இருந்தவங்க குறிச்சு வெச்சுக்கங்க.

முன்னோர் விஷயத்துக்கு வருவோம். எங்க பகுதி முன்னோரைப் பத்தி ஆதாரமே இருக்கு. சிறுபாணாற்றுப்படையில வர்ற நல்லியக்கோடனோட ஓய்மா நாடு திண்டிவனம் சுத்துவட்டாரம். அதுல வர்ற எயிற்பட்டினத்தை மரக்காணத்தோட சேர்த்துப் பார்க்குற ஆய்வாளர்கள் உண்டு. பாணர்களுக்கு அங்க பரதவர் வீட்டுல கள்ளும் சுட்ட மீனும். வேலூர்ல (நீங்க நெனைக்கிற கோட்டை வேலூர் இல்ல) வேட்டுவர் வீட்டுல புளிச்சோறும் சுட்ட காட்டுப்பசு இறைச்சியும். ஆமூர்ல உழவர் வீட்டுல சோறும் நண்டும். நல்ல மெனு. ஆனா காட்டுப்பசுவைச் சுட்டுத் தின்ன அந்தப் பாணருக்கு தாடை எப்படி வலிச்சிருக்கும்னு நத்தத்தனார் சொல்லல. அதைச் சொன்னவர் பொருநராற்றுப்படை பாடின முடத்தாமக்கண்ணியார். கரிகாலன் வீட்டுல ராப்பகலா கறி தின்னு தின்னு, கொல்லையை உழுத கொழு மாதிரி பல்லு மழுங்கிப் போச்சாம்! முன்னோர் முட்டாள் இல்லதான் சித்தப்பா. ஆனா அவங்களுக்கும் பல்லு தேய்ஞ்சது.

அம்மிக்கும் இதே கதைதான். மரக்காணம் உப்பளம் பக்கத்துலயே இருக்கு. சென்னைலேர்ந்து ஊருக்கு வர்றப்பல்லாம் பஸ்ல ஜன்னல் வழியா அந்த வெள்ளைக் குவியலைப் பார்த்துக்கிட்டேதான் வர்றேன். உப்பு இருந்தா உப்புக்கண்டம் இருக்கும். கறியை உப்பு, மஞ்சள், மொளகா தடவி, நூல்ல கோத்து வெயில்ல கட்டி, கல்லு மாதிரி காய்ஞ்சதும் எடுத்து வெப்பாங்க. வறுக்குறதுக்கு முன்னாடி அம்மியில வெச்சு குழவிக்கல்லால தட்டி நாரைப் பிரிப்பாங்க. இதுவும் பல்லு மெஷின் செய்யற அதே வேலைதானே? நார் ஒடையணும், அவ்ளோதான். ஆக "இயந்திரம் நம்ம மரபு இல்ல"ன்னு சொல்ல முடியாது. மரபுல இருந்த இயந்திரத்தோட கைப்பிடி யாரு கையில இருந்துச்சுங்குறதுதான் கேள்வி. எங்க வீட்டுல ஆயா கையில. சித்தப்பா அம்மி பக்கம் போய் நான் பார்த்ததில்ல :-)

சரி, அப்ப இந்த மெஷின் யாருக்குத்தான் வேணும்? அதுக்கு முன்னாடி, நம்ம ஊரு கறி ஏன் இவ்வளவு முறுக்கா இருக்குன்னு பார்க்கணும். ஆட்டுக்கறி: வெட்டுன சில மணி நேரத்துல சதை வெறைக்க ஆரம்பிக்கும். அது தளர, குளிர்ல நாள் கணக்குல தொங்க விடணும், அப்ப சதையில இருக்குற என்சைம்களே நாரை அறுத்துக் குடுக்கும். நாமளோ விடியக்காலையில வெட்டுன ஆடு பத்து மணிக்கு குழம்புல கொதிக்கணும்னு நிக்கிறோம். மாட்டுக்கறி: இங்க சட்டமே உள்ள வருது. 1958-ம் வருஷத் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயசைத் தாண்டி, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் லாயக்கில்லன்னு சான்றிதழ் வாங்குனது, இல்ல காயம், ஊனத்தால நெரந்தரமா முடங்கிப் போனது, இதைத்தான் வெட்டலாம். வயசு ஏற ஏற கொலாஜன் இழைகள் தங்களுக்குள்ள பின்னிக்கிட்டு சூட்டுக்கும் லேசுல அசையாது. வெளிநாட்டு ஸ்டீக் மாடு பெரும்பாலும் ஒன்றரை, ரெண்டு வயசு. நம்ம மாடு ரிட்டயர்டு. மாஸ்டர் அண்ணனுக்கு பல்லு மெஷின் ஏன் தேவைப்படுதுன்னு இப்ப புரியுதா? உழைச்சுக் களைச்ச மாட்டோட கறியை, வெலை கம்மின்னு காலங்காலமா வாங்கித் தின்னவங்களுக்கு அது அன்னிக்கே தேவைப்பட்டிருக்கும். அவங்ககிட்ட இருந்தது பல்லு மட்டும்தான்.

பல்லும் இல்லாதவங்க? என் கவலையே அங்கதான்.

ஆயாவுக்குக் கீழ்ப்பல்லு மூணு மிச்சம். பல்செட்டு வாங்கிக் குடுத்தோம், ஈறு குத்துதுன்னு டப்பாவுல போட்டு வெச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை எல்லாரும் கறி தின்னும்போது, "எனக்கு கறி எறங்கலடா, கொழம்பு ஊத்து போதும்"னு சொல்லும். நாங்களும் வயசாச்சு, ஆசை போயிடுச்சுன்னு நம்புவோம், ஏன்னா நம்புறது வசதி. பெரியவங்களுக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினம் வேணும்னு ஐ.சி.எம்.ஆர் 2020-ல சொல்லியிருக்கு. 50 கிலோ ஆயாவுக்கு நாப்பது கிராமுக்கு மேல. ரசஞ்சோத்துலயும் குழம்புத் தண்ணியிலயும் அது எங்கேர்ந்து வரும்? வயசுல சதை கரைஞ்சு, எழுந்து நிக்க செவுத்தைப் புடிக்கிறாங்கன்னா தட்டுல என்ன விழுதுன்னும் பார்க்கணும் இல்லையா.

கொத்துக்கறி வாங்கிக் குடுக்கலாமேன்னு கேப்பீங்க. குடுத்தோம். ஆயா சொன்ன பதில்: "இத்த தின்னா கறி தின்னாப்புலயா இருக்குது? கொழந்தைக்குப் பெசஞ்சு ஊட்டுற மாதிரி இருக்குது." மாஸ்டர் அண்ணன்கிட்ட கேட்டப்ப, "தொடைக்கறி எலும்பு இல்லாம எடுத்தா தம்பி, ரெண்டு தரம் விட்டுத் தரேன்"னாரு. அம்மா அதைச் சின்னச் சின்னதா நறுக்கி, இஞ்சி தடவி, குக்கர்ல வேக வெச்சு, அப்புறம் மொளகு போட்டு வறுத்தாங்க. ஆயா நாலு துண்டு தின்னுச்சு. மென்னு தின்னுச்சு, அதான் விஷயம். அரைச்சதை முழுங்குறதும் ஒரு துண்டை எடுத்துக் கடிக்குறதும் ஒண்ணு இல்ல. பல்லு போனவங்களுக்கு சத்து மட்டும் போய்ச் சேர்ந்தா போதும்னு நாம முடிவு பண்ணிடுறோம், அவங்களைக் கேக்குறதே இல்ல.

அதனால என் கருத்து இதுதான்: வீட்டுக்கு ஒண்ணு வேணாம், கறிக்கடைக்கு ஒண்ணு வேணும். கைமா மெஷின் வீட்டுலயா வெச்சிருக்கோம்? கடையில போட்டுக் குடுக்குறாங்க. புளியமரக் கட்டைக்குப் பக்கத்துல இதையும் ஒண்ணு மாட்டி வெச்சா, "பாய், கால் கிலோ தனியா பல்லு மெஷின்ல விட்டுக் குடுங்க, வீட்டுல பெரியவங்க இருக்காங்க"ன்னு கேட்டு வாங்கலாம். வெளிநாட்டுல கறிக்கடைக்காரங்க இப்படிச் செஞ்சு குடுக்குறது புதுசு இல்ல. கறி பதமா இருக்குற கடைக்குத்தான் நம்ம ஊர்ல கூட்டம், வியாபாரத்துக்கும் நல்லதுதான்.

ஆனா கண்ணை மூடிக்கிட்டு செய்யுற வேலை இல்ல இது. முழுத் துண்டு கறியில கிருமி பெரும்பாலும் மேல்பரப்புலதான் இருக்கும், தவா சூட்டுல செத்துடும். பிளேடு அதை உள்ளுக்குள்ள எறக்கிடும். 2012-ல கனடாவுல ஆல்பர்டா மாகாணத்து மாட்டிறைச்சி ஆலை ஒண்ணுலேர்ந்து ஈ.கோலை பரவி, பெரிய அளவுல கறியைத் திரும்ப வாங்குனாங்க. இப்படி மெஷின்ல விட்ட ஸ்டீக்கும் அந்த விசாரணையில மாட்டுச்சு. அதுக்கப்புறம் 2014 ஆகஸ்ட்லேர்ந்து கனடாவுலயும், 2016 மே மாசத்துலேர்ந்து அமெரிக்காவுலயும், மெஷின்ல மெதுவாக்குன மாட்டுக்கறின்னா பாக்கெட்டுல எழுதியே ஆகணும்னு சட்டம். உள்ள 63 டிகிரியாவது சூடு ஏறணும்னு கணக்கு. குக்கர்ல நாலு விசில் விடுற நமக்கு இது பிரச்சினையே இல்ல. "கறி வேகல"ன்னு தட்டைத் தள்ளி விடுற ஊரு. எங்க ரோட்டுல உள்ள செவப்பா இருக்கணும்னு கேட்டு வாங்குற ஸ்டீக்குக்குத்தான் பிரச்சினை. மாஸ்டர் அண்ணன் இதுல கறார். மெஷின்ல விட்ட துண்டுன்னா நல்லா வேக வெச்சுத்தான் தருவாரு, கஸ்டமர் மொகத்தைச் சுளிச்சாலும் சரி. எல்லாக் கடையும் மெனு கார்டுல ஒரு வரி போட்டா என்ன கொறைஞ்சிடும்?

பி.கு: கடைக்காரங்க யாராவது வாங்குறதா இருந்தா, சீப்புத் தகட்டைத் தனியா கழட்ட வர்ற மாதிரி பார்த்து வாங்குங்க. நார் போய் மாட்டுறதே அங்கதான். மாஸ்டர் அண்ணன் ராத்திரி கடை சாத்துறதுக்கு முன்னாடி மொத்தத்தையும் கழட்டி, சோப்பு போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, கொதிக்கிற தண்ணி ஊத்தி, காய வெச்சுட்டுத்தான் போறாரு. கால் மணி நேரம் ஆகுது. அந்தக் கால் மணி நேரம் முடியாதுன்னா வாங்காதீங்க.