ஊர்தி வரும்வரை யார் பொறுப்பு?

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பெற்றது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் பிறந்த ஏற்பாடு அது. இன்று மாநிலமெங்கும் 1,300க்கும் மேற்பட்ட ஊர்திகள் கட்டணமின்றி இயங்குகின்றன. உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களிலும் அந்த எண்ணை அறியாத வீடு அரிது. ஆயினும், அந்தச் சேவை எதற்காக என்பதை நாம் முழுமையாக உணர்ந்திருக்கிறோமா என்பது ஐயமே.

பலரும் அதனை விரைந்து செல்லும் வண்டியாக மட்டுமே கருதுகின்றனர். அதனால்தான், "அது வருவதற்குள் ஆட்டோவிலேயே போய்விடலாம்" என்னும் முடிவு எளிதில் எடுக்கப்படுகிறது. 1966இல் பெல்ஃபாஸ்ட் நகரில் மருத்துவர் ஃபிராங்க் பான்ட்ரிட்ஜ், இதயத் துடிப்பை மீட்கும் கருவியை ஊர்தியில் ஏற்றி மாரடைப்பு நோயாளிகளின் இருப்பிடத்துக்கே அனுப்பினார். சிகிச்சை தொடங்க வேண்டிய இடம் மருத்துவமனை வாயில் அன்று, நோயாளி கிடக்கும் இடமே என்பதை அம்முயற்சி உணர்த்தியது. 108 ஊர்தியிலும் ஓட்டுநருடன் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர் ஒருவர் வருகிறார். ஆக்சிஜன் கொடுக்கவும், குருதிப்போக்கைக் கட்டுப்படுத்தவும், வழியில் மகப்பேறு நேர்ந்தால் தாயையும் சேயையும் காக்கவும் அவர் அறிவார். ஆட்டோவில் இவற்றுள் ஒன்றும் இல்லை.

காத்திருக்கும் நேரத்துக்கு என்ன செய்வது என்று கேட்பது நியாயமே. உயர்சிகிச்சை தேவைப்படுவோரை இங்கிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ அனுப்ப நேர்கிறது. அவ்வாறு சென்ற ஊர்தி திரும்பும்வரை, இங்குள்ள அடுத்த நோயாளி வேறோர் ஊரிலிருந்து வரும் ஊர்தியை எதிர்நோக்க வேண்டும். ஆகவே, மருத்துவமனைகளுக்கிடையே நோயாளிகளை மாற்றுவதற்கென்றே தனி ஊர்தியொன்றை ஊரக வட்டங்கள்தோறும் நிறுத்துவது அரசின் கடமை. இதனை மக்கள் உரிமையுடன் கேட்க வேண்டும்.

ஆனால், எத்தனை ஊர்திகள் வந்தாலும் முதற்சில நிமிடங்கள் அருகில் இருப்பவர் கையில்தான் உள்ளன. மூச்சும் துடிப்பும் நின்றவருக்கு உடனே மார்பை அழுத்தத் தொடங்காவிடில், சில நிமிடங்களிலேயே மூளை பழுதடையத் தொடங்கும். வயலில் பாம்பு கடித்தவரின் காயத்தைக் கீறுவதும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கேடே விளைவிக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதே வழி. வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால், அவை தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும். ஊர்தி மிகவும் தாமதமாகும் எனத் தெரிந்தால் வேறு வண்டியில் புறப்படுவதில் தவறில்லை.

அழைக்கும்போது ஊர், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது ஏரிக்கரை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பேசிய கைபேசியை வேறு அழைப்புகளுக்குப் பயன்படுத்தாதீர்கள். ஒருவர் முதன்மைச் சாலைக்குச் சென்று நிற்கட்டும். சாலை விபத்தில் உதவுவோர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை. நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், விபத்துக்குள்ளானோரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது.

முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், ஏரியைக் காக்க ஒரு வாரியமும் தோட்டங்களைக் காக்க ஒரு வாரியமும் குடவோலை முறையில் அமைத்துக் கல்லில் வெட்டி வைத்த ஊர் இது. பொதுப்பொருளைக் காக்கப் பொறுப்பாளரைக் குறிப்பிடுவது இம்மண்ணுக்குப் புதிதன்று. சுற்றியுள்ள ஊராட்சிகளின் அடுத்த கிராம சபையில் இரண்டு தீர்மானங்கள் நிறைவேறட்டும். ஒன்று, தெருதோறும் பெயர்ப்பலகை நாட்டுதல். மற்றொன்று, தெருவுக்கு இருவரைத் தேர்ந்து முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்புதல். முதலாவதால் ஊர்தி வழி தவறாது வந்து சேரும். இரண்டாவதால், அது வரும்வரை நோயாளியின் உயிர் காக்கப்படும்.