கிண்ணம் வென்ற பின்

க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு வந்த அன்றே பிள்ளையை 'டொக்டர்' என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். பார்க்டேலில் ரெனிஸ் மட்டை ஏந்தும் எம் சிறாரிடமும் அதே அவசரத்தையே காட்டுகிறோம்.

சென்னையின் இராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் கனிஷ்ட பட்டத்தை வென்றது 1954இல். அங்கே முதியோர் பிரிவின் அரையிறுதியை எட்டியதோ 1960இல். அவர் மைந்தர் ரமேஷ் 1979இல் அதே பட்டத்தை வென்று, இரண்டே ஆண்டில் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியின் காலிறுதி கண்டார். அவருக்கு ஆசான் இல்லத்திலேயே இருந்தார். கனடாவின் பிலிப் பெலிவோ 2012இல் விம்பிள்டன், அமெரிக்கக் கனிஷ்ட பட்டங்கள் இரண்டையும் சூடியவர். அடுத்த பத்தாண்டில் ஒற்றையர் தரவரிசையின் முதல் நூறு பேருக்குள் அவர் நுழையவில்லை.

கனிஷ்ட புள்ளிகள் தொழில்முறைப் பட்டியலில் சேர்வதில்லை. பதினெட்டு வயது வீரர் அடிவரிசையிலிருந்து தொடங்கி, பயணச் செலவுக்கும் போதாத பரிசுக்காக ஊர் ஊராக அலைய வேண்டும். அவ்வாண்டுகளுக்கு வீட்டாரே 'தோல்வி' எனப் பெயரிட்டால் பிள்ளை எங்கே ஒதுங்கும்?

ஆட்டத்திற்காகச் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்திய பெற்றோரை நாம் குறைகூறவில்லை (வருத்தம் உண்டு). கேட்பது இதுவே: கிண்ணம் வந்தபின்னும் ஆறாண்டுகள் செலவையும் ஊரார் கேள்வியையும் உங்களால் தாங்க முடியுமா? இயலாதெனில் அதனைப் பிள்ளையிடம் இன்றே சொல்லிவிடுங்கள்.