தொலையல சார், அறுத்துட்டுப் போனான்!

மக்கா, ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை காட்டல. "என்னவே, ஆணி அதிகமா?"ன்னு கேட்ட நண்பர்களுக்கு: ஆணி எல்லாம் இல்ல, போலீஸ் ஸ்டேஷன். பயப்படாதீங்க, நான் ஒண்ணும் பண்ணல. பண்ணவன் ஜாலியா பைக்ல போயிட்டான். புகார் கொடுத்த நாங்கதான் குற்றவாளி மாதிரி பெஞ்சுல உக்காந்திருந்தோம்.

நடந்தது இதுதான். விடிகாலை 5.10 மணிக்கு அம்மா முதல் பூசைக்குக் கிளம்பினாங்க. எங்க தெரு முனையில லைட் எரியாது (அது தனிப் பதிவா போடணும்). பின்னால வந்த பைக்ல ரெண்டு பேர். ஒருத்தன் கழுத்துல கை வச்சு இழுத்தான். மூணரை பவுன் செயின், ஒரே இழுப்பு. அம்மா கீழ விழுந்து முட்டி பேந்துருச்சு, கழுத்துல செவப்பா ஒரு கோடு. பவுன் விக்கிற விலைக்கு இனிமே அப்படி ஒரு செயின் எங்க வீட்டுல நடக்காத காரியம்.

ஏழு மணிக்கு ஸ்டேஷன் போனோம். எந்த ஸ்டேஷன்னு சொல்லப் போறதில்ல. முதல் கேள்வி, "காலங்காத்தால எதுக்கும்மா நகையைப் போட்டுட்டு வந்தீங்க?" ரெண்டாவது கேள்வி, "அந்த முனை எங்க லிமிட்டா?" தெருவுக்கு இந்தப் பக்கம் இவங்க, அந்தப் பக்கம் வேற ஸ்டேஷனாம். அறுத்தவன் நடு ரோட்டுல வச்சு அறுத்துட்டான், அதான் சிக்கல் :-)

அப்புறம் ரைட்டர் ஏட்டையா வந்தாரு. (ஸ்டேஷன்ல ரைட்டர்னா அவருதான் சார். நாமெல்லாம் சும்மா.) நல்ல மனுஷன்தான், அம்மாவுக்குத் தண்ணி கொடுக்கச் சொன்னாரு. வெள்ளைப் பேப்பரை நீட்டி, "தம்பி, கோயிலுக்குப் போற வழியில செயின் தவறி விழுந்துட்டு, கண்டுபிடிச்சுத் தரவும்னு எழுதுங்க. உடனே சி.எஸ்.ஆர் போட்டுத் தாரேன்"ன்னாரு.

நான் வெக்கத்தை விட்டு உண்மையைச் சொல்லிடறேன். பேனாவை எடுத்துட்டேன். ஆபீசுக்கு நேரமாச்சு, ஒரு ரசீதாவது கைக்கு வரட்டும்னு தோணிச்சு. அம்மாதான் கையைப் பிடிச்சாங்க. எட்டாங்கிளாஸ் படிச்சவங்க. "நான் எங்கய்யா தொலைச்சேன்? அறுத்துட்டுப் போனான். நான் எதுக்குத் தொலைச்சேன்னு கையெழுத்துப் போடணும்?"

அந்தக் கேள்விக்கு அந்த ஸ்டேஷன்ல யார்கிட்டயும் பதில் இல்ல.

பதில் நமக்குத் தெரியும். 'அறுத்தான்'னு எழுதினா அது வழக்கு. பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்தப்போ, பறிச்சிட்டு ஓடறதுக்குன்னே 304-ஆம் பிரிவைத் தனியா வச்சாங்க, 3 வருஷம் வரைக்கும் தண்டனை. வழக்குன்னா கணக்குல ஏறும், துப்பு கிடைக்கலேன்னா மேலதிகாரி ஒவ்வொரு கூட்டத்துலயும் கேப்பாரு. 'தொலைஞ்சுது'ன்னு எழுதினா யாரும் யாரையும் தேட வேணாம். ஊர்ல குற்றம் குறைஞ்ச மாதிரியும் ஆச்சு. திருடனைப் பிடிக்காமலே திருட்டை ஒழிக்கிற டெக்னிக் உலகத்துலயே இதுதான்!

நான் துறைமுகத்துல கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல குப்பை கொட்டறவன். ஒரு கண்டெய்னர் சீல் நம்பர்ல ஒரு எழுத்து மாறிட்டா எத்தனை பேப்பர், எத்தனை கையெழுத்துன்னு என்னைக் கேளுங்க. இந்தக் கரையில முத்துக் குளிச்ச காலத்துலயே வெள்ளைக்காரன் கணக்குன்னா கணக்குதான். சிப்பியை எண்ணிக் குவிச்சு, மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளிச்சவனுக்கு. இன்னைக்கும் பீடி இலை மூட்டையோ கடல் அட்டையோ பிடிபட்டா வரிசையா அடுக்கி, எத்தனை கிலோன்னு போட்டோவோட பேப்பர்ல வரும். எண்ணத் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. எங்க அம்மா கழுத்துன்னா மட்டும் எண்ணிக்கை வராது.

"சட்டம் தெரியாம பேசாதீங்க"ன்னு ஒரு அதிகாரி சொன்னாரு. சரி, தெரிஞ்சுக்கிட்டே பேசுவோம். லலிதா குமாரி வழக்குல 2013 நவம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தோட அஞ்சு நீதிபதிகள் சொன்னது: கைது செய்யத்தக்க குற்றம்னு புகார்ல தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர் போட்டே ஆகணும். புதுசா வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 173-ஆம் பிரிவு, எந்த இடத்துல நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் புகாரைப் பதியலாம்னு சொல்லுது. லிமிட் கதை அதோட காலி. 3 வருஷத்துல இருந்து 7 வருஷத்துக்குள்ள தண்டனை உள்ள குற்றம்னா டி.எஸ்.பி. அனுமதியோட 14 நாள் முதற்கட்ட விசாரணை செய்யலாம்னு அதுலயே ஒரு ஓட்டை இருக்கு, மறைக்க விரும்பல. ஆனா அது விசாரிக்கிறதுக்கு. 'தவறி விழுந்தது'ன்னு எழுத வைக்க இல்ல. அதே சட்டத்தோட 179-ஆம் பிரிவுப்படி பொம்பளைங்களை சாட்சியா விசாரிக்கணும்னா அவங்க வீட்டுக்குத்தான் வரணும். எங்க அம்மாவை முட்டி வீங்கின காலோட நாலு தடவை வரச் சொன்னாங்க.

இதுல இன்னொரு கொடுமை. முனையில ஒரு கடையில கேமரா இருக்கு. அண்ணாச்சிகிட்ட கேட்டேன். "படத்தைப் பாத்துக்கோ தம்பி, ஆனா நான் கொடுத்ததா சொல்லிராத"ன்னாரு. கோழைன்னு திட்ட வாய் வரல. சாத்தான்குளம் இதே மாவட்டம்தான். 2020 ஜூன் 19-ல ஊரடங்கு நேரத்துல கடையைத் திறந்து வச்சிருந்தாங்கன்னு கூட்டிட்டுப் போன ஜெயராஜும் பென்னிக்சும் வீடு திரும்பல. சில மணி நேர இடைவெளியில அப்பனும் மகனும் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில செத்தாங்க. அந்த ஸ்டேஷன் கேமராப் பதிவு தினமும் தானா அழியற மாதிரி வச்சிருந்ததா விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கை கொடுத்தாரு. கடைக்காரன் பயப்படாம என்ன செய்வான்? அதே ஸ்டேஷன்ல வேலை பாத்த தலைமைக் காவலர் ரேவதி பயப்படாம சாட்சி சொன்னாங்க, அதையும் சொல்லணும். போலீஸ்னா எல்லாரும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. எங்க ஏட்டையாவே ஒரு நாள் என்னைத் தனியா கூப்பிட்டு, "பந்தோபஸ்து முடிச்சிட்டு வந்து தூங்கியே ரெண்டு நாளாச்சு தம்பி, நான் எவனைத் தேட?"ன்னாரு. பாவமாத்தான் இருந்துச்சு. அதுக்காக எங்க அம்மா பொய்க் கையெழுத்துப் போடணுமா?

கடைசியில 173(4)-ஐப் பிடிச்சேன். ஸ்டேஷன்ல பதிய மறுத்தா புகாரைத் தபால்ல மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்பலாம், அங்கயும் நடக்கலேன்னா மாஜிஸ்திரேட் கோர்ட். கழுத்துக் காயத்துக்கு ஆஸ்பத்திரியில கொடுத்த சீட்டையும் சேர்த்து, ஒப்புகை அட்டையோட பதிவுத் தபால் அனுப்பினேன். மொத்த செலவு நூறு ரூபாய்க்குள்ள. அட்டை திரும்பி வந்து எட்டாம் நாள் போன்: "சார், எஃப்.ஐ.ஆர் காப்பி வந்து வாங்கிக்கிடுங்க." தம்பி சார் ஆயிட்டாரு, கவனிச்சீங்களா?

செயின் கிடைக்கல. கிடைக்கும்னு நம்பிக்கையும் இல்ல. அம்மா இப்ப கவரிங் போட்டுட்டு அதே வழியிலதான் பூசைக்குப் போறாங்க.

ராத்திரி கண்ணாடியைப் போட்டுக்கிட்டு எஃப்.ஐ.ஆரை எழுத்துக் கூட்டிப் படிச்சாங்க. மூணாவது வரியில விரலை வச்சு நிறுத்தினாங்க. சம்பவ நேரம் 6.10-ன்னு போட்டிருக்கு. "அந்நேரம் நான் கோயிலுக்குள்ளல்ல இருப்பேன்? நாளைக்குக் கோர்ட்டுல ஒருத்தன் இதைப் பிடிச்சுக்கிட்டா என்ன சொல்லுவ?"ன்னு கேட்டாங்க. எஃப்.ஐ.ஆரை இனிமே திருத்த முடியாது, கூடுதல் வாக்குமூலம் கொடுக்கலாம்னு தெரிஞ்ச வக்கீல் சொன்னாரு. நாளைக்கு சாயங்காலம் மறுபடியும் போறோம்.