குடல் இளக மறுத்தால்...

உண்ட உணவு குடலில் தானாகவே நகர்ந்து செல்கிறது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், உணவுக்குப் பின்னுள்ள தசை சுருங்கித் தள்ள, முன்னுள்ள தசை இளகி வழிவிடுகிறது. 1899-இல் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் இதனை விளக்கினர். சுருங்க ஆணையிடுவது முக்கியமாக அசிட்டைல்கோலின் என்னும் இரசாயனப் பொருள். இளகச் சொல்வனவற்றுள் முதன்மையானது, குடற்சுவரின் நரம்பணுக்கள் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு என்பது 1990-ஆம் ஆண்டளவில் தெளிவாயிற்று. வாகனப் புகையில் நஞ்சாகும் வாயுவை நம் குடலில் ஊழியனாக்கிய படைத்தவரின் ஞானத்தை என்னென்போம்!

ஏறத்தாழ 5,000 குழந்தைகளில் ஒன்று, பெருங்குடலின் கடைசிப் பகுதியில் இந்நரம்பணுக்கள் இன்றிப் பிறக்கிறது. இளகச் சொல்வார் இல்லாமையால் அப்பகுதி இறுகியே கிடக்கிறது. மலம் மேலே தேங்குகிறது. 1886-இல் இதனை விவரித்த கோபன்ஹேகன் நகர மருத்துவர் ஹிர்ஷ்ஸ்ப்ருங்கின் பெயரால் இந்நோய் வழங்குகிறது.

தாய்மாரே, பாட்டிமாரே! பிறந்து 24 மணி நேரம் கடந்தும் குழந்தை கரும்பச்சை நிற முதல் மலத்தைக் கழிக்கவில்லையா? வயிறு உப்பிப் பச்சையாக வாந்தி எடுக்கிறதா? விளக்கெண்ணெய் புகட்ட வேண்டாம். அது குடலைச் சுருங்கத் தூண்டுமேயன்றி, நரம்பணு இல்லாத பகுதியை இளக்காது. தாமதித்தால் குடல் அழன்று உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவமனைக்கு விரைவோம். நரம்பணு இல்லாப் பகுதியை நீக்கி நல்ல குடலை இணைக்கும் அறுவை மருத்துவத்தை அமெரிக்க மருத்துவர் ஸ்வென்சன் 1948-இலேயே வெளியிட்டார். செபிப்போம், மருத்துவரையும் நாடுவோம். இரண்டும் ஆண்டவர் தந்த வழிகளே.