காலப் பயணத்துக்கு டவுன் பஸ் போதும்

போன மாதம் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு மூத்த தோழர் ஒருவர் வந்திருந்தார். கண்டதேவித் தேர்வடம் பிடிக்கும் உரிமைக்காக அந்தக் காலத்திலேயே கைதாகி உள்ளே போனவர். காரைக்குடியை ஒட்டிய எங்கள் காலனியின் சமுதாயக் கூடத்தில் அவர் உட்காராத கூட்டம் கிடையாது. தரையில் கிடந்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் புரட்டிவிட்டு, "என்ன கதை தம்பி இது?" என்றார். பூமியை ஆட்டி வைக்கும் சக்தி உள்ள மனிதர்களைப் பற்றிய மாயாஜால நாவல் என்று சொன்னோம்.

அவர் முகம் மாறிவிட்டது. "குரூப் ஃபோருக்குப் படிக்க வேண்டிய நேரத்துல பேய்க்கதையா? கச்சநத்தத்துல மூணு உசுரு போன மாவட்டம்ப்பா இது. இந்தக் கூடத்தை நாம எதுக்குக் கேட்டு வாங்கினோம்?" என்றார்.

எங்களில் யாரும் அப்போது பதில் பேசவில்லை. அண்ணன் கேட்டதில் நியாயம் இருந்ததுதான் காரணம். 2018 மே 28 இரவு கச்சநத்தத்தில் நடந்ததை மறந்துவிட்டு இந்த மாவட்டத்தில் எந்தப் புத்தகத்தையும் திறக்க முடியாது. 27 பேருக்கு ஆயுள் தண்டனை என்ற தீர்ப்பு வர 2022 ஆகஸ்ட் வரை நான்காண்டு ஆனது. எங்கள் பிள்ளைகளுக்கு அரசு வேலை என்பது வெறும் சம்பளம் அல்ல. ஊரில் நிமிர்ந்து நடப்பதற்கான ஒரு காகிதம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் கூடத்தின் ஞாயிறு மாலையை முழுக்கத் தேர்வுப் பயிற்சிக்கே ஒதுக்க வேண்டும் என்று இப்போது பேச்சு எழுந்திருக்கிறது.

முதலில் ஒன்றைக் கேட்கிறோம். மாயாஜாலக் கதை நமக்குப் புதிதா? ஒரு பெரிய உடம்பின் தலையிலிருந்து ஒருவன், தோளிலிருந்து ஒருவன், தொடையிலிருந்து ஒருவன், காலிலிருந்து ஒருவன் பிறந்தான் என்பதைவிடப் பெரிய மாயாஜாலக் கதையை யார் எழுதிவிட்டார்கள்? அந்த உடம்பில் நமக்கு ஒரு நகக்கண்ணளவுகூட இடமில்லை என்பதுதான் அந்தக் கதையின் திருப்பம். அந்தக் கற்பனையைத்தான் ஈராயிரம் ஆண்டாக நம் முதுகில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். சாதி செங்கல் சுவரோ முள்வேலியோ அல்ல, அது ஒரு எண்ணம் என்று அண்ணல் 1936இல் எழுதினார். அந்த எண்ணத்தை உத்தப்புரத்தில் செங்கல்லாகவும் கட்டிக் காட்டினார்கள். 2008இல் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். எண்ணத்தை இடிக்க எந்த ஜேசிபியை அனுப்புவது? அதற்குப் புத்தகமும் கதையும் பேச்சும் தான் வேண்டும்.

எங்கள் ஊரையே பாருங்கள். 1939இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் காரைக்குடியில் ஆண்டுதோறும் விழா எடுக்கிறது. கடலைத் தாண்டுவதும், மலையைப் பெயர்த்துத் தூக்கி வருவதும், விமானத்தில் பறப்பதும் அங்கே இலக்கியம். பட்டிமன்றம் வைத்துக் கைதட்டுகிறார்கள். அதே பறத்தலை நம் காலனிப் பிள்ளை ஒரு நாவலில் படித்தால் நேர விரயம். யாருடைய கற்பனைக்கு மணிமண்டபம், யாருடைய கற்பனைக்கு வசவு என்பதிலும் சாதி இருக்கிறது தோழர்களே.

சரி, என்னதான் படித்தோம்?

முதலில் நம் நாட்டில் விற்றுத் தீர்ந்த ஒன்றைச் சொல்கிறோம். அமீஷ் திரிபாதியின் 'மெலூஹாவின் அமரர்கள்'. 2010இல் ஆங்கிலத்தில் வந்தது, தமிழிலும் கிடைக்கிறது. கல்லூரி விடுதிகளில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்த புத்தகம். அதில் வரும் மெலூஹா நாட்டில் குழந்தைகளைப் பிறந்ததும் பெற்றோரிடமிருந்து பிரித்து, எல்லோரையும் ஒன்றாக வளர்த்து, தேர்வு வைத்து, அதன்படி வர்ணம் கொடுக்கிறார்கள். பிறப்பால் அல்ல, தகுதியால் சாதி! படித்துவிட்டு எங்களில் இரண்டு பேர் "இது நல்லாத்தானே இருக்கு" என்றார்கள். அங்கேதான் ஆபத்து. பிராமணன், சத்திரியன், வைசியன், சூத்திரன் என்ற நான்கு பலகையும் அப்படியே தொங்குகின்றன. உள்ளே உட்காரும் ஆள் மட்டும் மாறுகிறான். தகுதிதான் அளவு என்றால் அந்தப் பழைய பெயர்கள் எதற்கு? இந்தக் கேள்வியை அண்ணல் 'சாதி ஒழிப்பு' நூலிலேயே ஆரிய சமாஜத்தாரிடம் கேட்டுவிட்டார். எழுபது ஆண்டுக்கும் மேலாகியும் பதில் வரவில்லை, நாவல்தான் வந்திருக்கிறது.

அந்த நாவலில் தீண்டப்படாதவர்களும் உண்டு. 'விகர்மா' என்று பெயர். முற்பிறவிப் பாவத்துக்கு இப்பிறவியில் தண்டனை அனுபவிப்பவர்கள். அப்படிப்பட்ட ஒருத்தியை நாயகன் காதலிக்கிறான், அவளை மணப்பதற்காகச் சட்டத்தையே மாற்ற வைக்கிறான். அந்த விகர்மா யார்? சக்கரவர்த்தியின் மகள். தீண்டாமையைப் பேச வந்த கதைக்குத் தீண்டப்படாதவளாக ஒரு இளவரசிதான் கிடைத்தாள். விடுதலை என்பது மேலே இருக்கும் ஒருவன் காதல்வயப்பட்டுத் தரும் பரிசு. விகர்மாக்கள் கூட்டம் போட்டார்களா, தெருவுக்கு வந்தார்களா? அவர்களுக்கு அங்கே வாயே கிடையாது.

வெள்ளைக்காரர்கள் எழுதினால் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. ஹாரி பாட்டர் படிக்காத பிள்ளை எங்கள் வட்டத்தில் இல்லை. சுத்த ரத்தம், சேற்று ரத்தம் என்று பேசுகிறவர்களை அந்தக் கதை எதிரியாக நிறுத்துகிறது, நல்லது. ஆனால் அதே பள்ளியின் சமையலறையில் சம்பளமில்லாமல் வேலை செய்யும் வீட்டுக் குட்டிச்சாத்தான்கள் இருக்கின்றன. அவற்றுக்காக ஹெர்மயனி சங்கம் வைத்தால் அவளுடைய நண்பர்களே சிரிக்கிறார்கள். 'அதுங்களுக்கு அடிமையா இருக்கத்தான் பிடிக்கும்' என்கிறார்கள். இந்த வசனத்தை நம்மூர்ப் பண்ணை வீட்டுத் திண்ணையில் நாம் கேட்டதில்லையா? பெரிய போரெல்லாம் முடிந்த பிறகு, தன் வீட்டு அடிமை ஒரு சாண்ட்விச் கொண்டுவருமா என்று நாயகன் யோசிக்கிறான். சர்வாதிகாரி செத்தான், அடுக்களை அப்படியே இருக்கிறது.

இனி, எங்களைத் தூங்கவிடாத இரண்டு புத்தகங்கள். இரண்டையும் எழுதியவர்கள் அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள்.

ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரெட்' 1979இல் வந்தது. 1976இல் கலிஃபோர்னியாவில் வாழும் டானா என்ற கறுப்பினப் பெண் திடீர் திடீரென்று அடிமை முறை நிலவிய காலத்து மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். அங்கே அவள் காப்பாற்ற வேண்டியது ஒரு அடிமை முதலாளியின் மகனை. ஏனென்றால் அவன் அவளுடைய மூதாதை. அவன் செத்தால் அவள் பிறக்கவே மாட்டாள். அவளுடைய வெள்ளைக் கணவனும் ஒருமுறை கூடவே போகிறான். அதே ஊர், அதே ஆண்டு. ஆனால் அவன் விருந்தாளி, அவள் சொத்து.

இதைப் படித்து முடித்த அன்று, பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கும் எங்கள் தங்கை ஒருத்தி சொன்னாள்: "காலப் பயணத்துக்கு மிஷின் எதுக்குண்ணே? எனக்கு டவுன் பஸ் போதும்." பகலில் கருத்தரங்கில் ஃபூக்கோ பற்றிக் கட்டுரை வாசிக்கிறவள் அவள். சாயங்காலம் பஸ் ஏறி முக்கால் மணி நேரத்தில் இறங்கினால், டீக்கடையில் அவளுடைய அப்பாவுக்குப் பேப்பர் கப், பக்கத்தில் நிற்பவருக்குக் கண்ணாடி கிளாஸ். ஒரு குறிப்பிட்ட தெரு வரும்போது அப்பா பைக்கை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு நடக்கிறார். திருவிழா பார்க்கக் கூட வந்த கல்லூரித் தோழிக்கு அதே ஊர் "எவ்ளோ அழகான கிராமம்". சமூகவியல் பாடப் புத்தகத்தில் நாங்கள் பக்கம் பக்கமாகப் படித்த 'அமைப்பு' என்ற சொல், ஒரு நாவலும் ஒரு டவுன் பஸ்ஸும் சேர்ந்தபோதுதான் எங்களுக்குச் சதையும் எலும்புமாகத் தெரிந்தது.

அடுத்தது அண்ணன் கையில் எடுத்த அந்தத் தடித்த புத்தகம். என்.கே. ஜெமிசின் எழுதிய 'தி ஃபிஃப்த் சீசன்', 2015. அந்தத் தொடரின் மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என அடுத்தடுத்து ஹியூகோ விருது பெற்றன. அந்த உலகத்தில் ஒவ்வொருவர் பெயரோடும் அவர் என்ன வேலைக்கு உரியவர் என்பது ஒட்டியிருக்கும். பெயரைக் கேட்டாலே ஆளை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துவிடும். நமக்கு விளக்கம் தேவையா? அந்த நாட்டில் நிலநடுக்கத்தை அடக்கும் சக்தி உள்ளவர்களை ஊரே வெறுக்கிறது, ஆனால் அவர்கள் இல்லாமல் ஊர் ஒருநாள் நிற்காது. கண்காணாத இடத்தில் ஒரு குழந்தையை நாற்காலியில் கட்டி, மூளையைச் சிதைத்து, நிலத்தை அடக்குவதற்கு மட்டும் உயிரோடு வைத்திருக்கிறார்கள். மேலே நகரம் நிம்மதியாகத் தூங்குகிறது. அந்தப் பக்கங்களைப் படித்தபோது எங்களுக்கு மலக்குழிதான் நினைவுக்கு வந்தது. 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம், குழிக்குள் இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் என்று 2023இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. இவ்வளவுக்குப் பிறகும் குழிக்குள் இறங்குவது யார்?

இந்தப் புத்தகத்தையும் நாங்கள் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. நர்சிங் படிக்கும் தம்பி ஒருவன் சரியாகவே மடக்கினான். "அந்த ஆளுங்க கோபப்பட்டா உண்மையிலேயே ஊர் அழியும். அப்ப ஊர் பயப்படுறதுல ஒரு காரணம் இருக்குன்னு ஆயிடுதே. நம்மகிட்ட என்ன சக்தி இருக்குன்னு நம்மள ஒதுக்குறாங்க?" சாதி வெறுப்புக்கு நம்மிடமிருந்து எந்தக் காரணமும் தேவைப்படுவதில்லை. கறுப்பின மக்களின் கதை நமக்கு வெளிச்சம் தரும். நம் கதையை அது எழுதித் தராது.

அப்படியானால் நம் கதை எங்கே? தமிழில் அறிவியல் புனைவு என்றதும் சுஜாதாவின் ஜீனோ வந்து வாலை ஆட்டும். ஆட்டட்டும், எங்களுக்கும் அந்த நாய்க்குட்டியைப் பிடிக்கும். ஆனால் நாங்கள் படித்தவரை, தமிழர்களின் எதிர்காலத்தில் ராக்கெட் இருக்கிறது, ரோபோ இருக்கிறது. சேரி என்ன ஆனது என்பது மட்டும் இல்லை. சாதி ஒழிந்துவிட்டதா, அல்லது எழுதியவர் கண்ணில் படவில்லையா? நம்மை இறந்த காலத்தில் அடித்தார்கள், நிகழ்காலத்தில் ஒதுக்கினார்கள், எதிர்காலத்தில் சத்தமில்லாமல் காணாமல் ஆக்கிவிட்டார்கள்.

நம்மிடம் கற்பனை இல்லாமல் இல்லை. மதுரைவீரனும் காத்தவராயனும் யார் கதை? நந்தன் தீக்குளித்துப் பூணூலோடு எழுந்தார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடினார்; உள்ளே வர வேண்டுமென்றால் எரிந்துவிட்டு வா என்பது அதன் பொருள். அயோத்திதாசப் பண்டிதர் 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதியபோது அதே நந்தனை அரசனாக உட்கார வைத்தார். புராணத்தை வரலாறு என்று ஒப்புக்கொண்டவர்கள், பண்டிதர் எழுதிய வரலாற்றைக் கற்பனை என்று தள்ளினார்கள்.

இன்று கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல், ஆக்டேவியா பட்லரைப் பற்றிய ஒரு தொகுப்பை இணைந்து தொகுத்து 2018இல் ஹியூகோ இறுதிப் பட்டியலுக்குப் போனார். வௌகினி வாரா 2022இல் எழுதிய நாவலில், ஆந்திரத் தென்னந்தோப்பில் பிறந்த ஒரு தலித், கம்ப்யூட்டர் நிறுவனம் தொடங்கி உலகத்தையே ஆளும் இடத்துக்குப் போகிறான். அவன் நல்லவனா என்று எங்களுக்குள் பெரிய சண்டை. ஆனால் அடி வாங்காத, அழாத, தப்பும் செய்கிற ஒரு தலித்தை நாவலில் பார்த்ததே எங்களில் பலருக்கு அதுதான் முதல் முறை. சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுகளுக்கென்றே ஒரு தொகுப்பு கொண்டுவந்திருக்கிறது. ஆங்கிலம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்கு வாய்விட்டுப் படித்துச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் படிக்கிறோம். ஒரு பிரதி, எட்டுப் பேர்.

தலித் என்றால் தன்வரலாறுதான் எழுத வேண்டும், காயத்தைத்தான் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். 1992இல் பாமாவின் 'கருக்கு' வந்தபோது அது ஒரு வெடி. அந்த வெடியையே நமக்கு வேலியாக்கிவிடக் கூடாது.

அண்ணே, கடைசியாக உங்களுக்கு ஒன்று. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் இறந்துபோன ரோஹித் வெமுலா தன் கடிதத்தில் என்னவாக ஆசைப்பட்டதாக எழுதினார் என்று நினைவிருக்கிறதா? கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுதும் எழுத்தாளனாக. நட்சத்திரங்களைப் பார்த்த ஒரு பிள்ளையை, அவன் பிறந்த அடையாளத்துக்குள் சுருக்கிக் கொன்றார்கள். நம் பிள்ளைகள் நட்சத்திரத்தைப் பார்ப்பதை நாமே நேர விரயம் என்று சொல்லலாமா?

நாவல் படித்தால் போராட்டம் முடிந்தது என்று நாங்கள் சொல்லவில்லை. படித்துவிட்டு மனு எழுத வராதவன், காவல் நிலைய வாசலில் நிற்க வராதவன் எங்கள் வட்டத்தில் இருக்க வேண்டாம். அதனால் எங்கள் கோரிக்கை சின்னது. ஞாயிறு மாலை நாலு முதல் ஆறு வரை குரூப் ஃபோர். கணக்கு எடுக்க எங்களில் இருவர் தயார். ஆறு முதல் ஏழு வரை கதை. அடுத்த மாதத்துக்கு வீட்டுப்பாடமும் கொடுத்திருக்கிறோம்: 2075இல் நம் ஊர், ஐந்து பக்கம். தேர் எப்படி ஓடுகிறது, டீக்கடையில் என்ன கிளாஸ், டவுன் பஸ் எந்தக் காலத்துக்குப் போகிறது, எழுதிக்கொண்டு வாருங்கள்.

அண்ணனையும் கூப்பிட்டிருக்கிறோம். முதல் கதையை அவர்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

ஜெய்பீம்.