பெட்ரோல் விலையும் தலையெழுத்தும்

பெட்ரோல் விலை ஏறினால் நம் மக்களில் பெரும்பாலோர் சொல்லுகின்ற சமாதானம் ஒன்றே ஒன்றுதான். “எல்லாம் நம் தலையெழுத்து, கலிகாலம்” என்பதே அது. மழை பெய்யாததற்கும், பிள்ளை பரீட்சையில் தவறியதற்கும், மாடு செத்ததற்கும் எதைச் சொல்லுவார்களோ அதையே பெட்ரோலுக்கும் சொல்லி, பையில் இருப்பதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் பெட்ரோல் பங்கின் பலகையில் இருக்கும் விலையை எந்தப் பிரமனும் எழுதவில்லை. மனிதர்களே எழுதுகிறார்கள். எந்த மனிதர்கள், எந்தத் தேதியில், எத்தனை ரூபாய் எழுதினார்கள் என்று விரல் விட்டு எண்ணிச் சொல்லிவிடலாம். அப்படி எண்ணக்கூடிய ஒன்றை விதி என்று சொல்லுவதைப் போல எழுதுகிறவர்களுக்குச் சௌகரியமானது வேறொன்றுமில்லை.

இந்தியா உபயோகிக்கும் கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் வெளிநாடுகளிலிருந்தே வருகிறது. அது பீப்பாய்க் கணக்கில் விலை பேசப்படுவது. ஒரு பீப்பாய் என்பது ஏறக்குறைய 159 லிட்டர். 2008-ம் வருஷம் ஜூலையில் பீப்பாய் 147 டாலர் வரை போயிற்று. 2014-ம் வருஷ மத்தியில் 115 டாலர் வரை இருந்தது, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. கொரோனாக் காலத்தில், 2020 ஏப்ரலில், அமெரிக்க எண்ணெயை வாங்குவோரில்லாமல் ஒரு நாள் அதன் விலை பூஜ்யத்துக்கும் கீழே போன வேடிக்கையும் நடந்தது. பிறகு 2022-ல் ருஷியா உக்ரேன் மீது படையெடுத்ததும் மறுபடியும் நூறு டாலரைத் தாண்டிற்று. எண்ணெய் விற்கும் நாடுகள் கூடிக் கொண்டு உற்பத்தியைக் குறைப்பதும், யுத்தமும், ரூபாயின் மதிப்பு டாலருக்கு முன் இறங்குவதுமே இந்த ஏற்ற இறக்கத்திற்குக் காரணங்கள். இதுவரையில் சொன்னது உலகச் சந்தையின் காரியம். இதற்காக எந்த சர்க்காரையும் நாம் குறை கூற வரவில்லை.

ஆனால் அந்தச் சந்தையில் விலை இறங்கிய காலத்தில் நம் ஊர்ப் பங்கில் என்ன நடந்தது என்பதுதான் கேள்வி. 2014 ஏப்ரலில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய சர்க்கார் வாங்கிய கலால் வரி 9 ரூபாய் 48 காசு. எண்ணெய் விலை சரிந்து கொண்டே வந்த 2014 நவம்பர் முதல் 2016 ஜனவரி வரையில் இந்த வரி ஒன்பது தடவை உயர்த்தப்பட்டது. 2020-ல், மார்ச்சில் 3 ரூபாயும், ஊரடங்கினால் ஏழை ஜனங்கள் கூலியற்றுக் கிடந்த மே மாதத்தில் 10 ரூபாயும் ஆக இரண்டே மாதத்திற்குள் 13 ரூபாய் ஏற்றி, மொத்தம் 32 ரூபாய் 98 காசு ஆக்கினார்கள். உலகத்தில் எண்ணெய் தண்ணீர் விலைக்கு விற்றபோது நமக்கு விலை குறையாத இரகசியம் இதுதான். விலை ஏறினால் உங்கள் தலையில், இறங்கினால் எங்கள் பெட்டியில் என்பது எந்தச் சந்தையின் நியாயமென்று நமக்கு விளங்கவில்லை. பின்னர் 2021 நவம்பரில் 5 ரூபாயும், 2022 மே மாதத்தில் 8 ரூபாயும் குறைத்தார்கள். அப்படிக் குறைத்த பின்னும் 2014-ல் இருந்ததைப்போல் அந்த வரி இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. 2021 பட்ஜெட்டுக்குப் பிறகு இந்த 32 ரூபாய்ச் சில்லறை வரியில் அடிப்படைக் கலால் என்பது வெறும் 1 ரூபாய் 40 காசுதான். மற்றதெல்லாம் ‘செஸ்’ என்றும் ‘விசேஷ வரி’ என்றும் பெயர் வைக்கப்பட்டவை. மாநிலங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டியது அந்த 1 ரூபாய் 40 காசிலிருந்து மாத்திரமே. ஊரெல்லாம் கூடிச் சமைத்து, ரசத்தை மட்டும் பந்தியில் பரிமாறி, சோற்றை உள்ளே வைத்துக் கொள்ளும் கதைதான் இது. மாநில சர்க்கார்களும் இவ்விஷயத்தில் சுத்த சந்நியாசிகள் அல்ல. தமிழ்நாட்டில் 2020 மே மாதத்தில் மாநில விற்பனை வரியும் உயர்த்தப்பட்டது. 2021 ஆகஸ்டில் வந்த பட்ஜெட்டில்தான் லிட்டருக்கு 3 ரூபாய் குறைந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பெட்ரோலையும் டீசலையும் அதற்குள் சேர்க்காமல் வெளியில் நிறுத்தியதில் இரு சர்க்கார்களுக்கும் அபிப்பிராய பேதம் இருந்ததாகத் தெரியவில்லை.

2010 ஜூன் 26-ந் தேதி முதல் பெட்ரோல் விலையில் சர்க்கார் தலையிடுவதில்லை, கம்பெனிகளே நிர்ணயிக்கும் என்றார்கள். 2017 ஜூன் 16 முதல் நாடெங்கும் தினந்தோறும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்றார்கள். ஆனால் 2018-ல் கர்நாடகத் தேர்தலுக்கு முன் 19 நாட்கள் விலை அசையவில்லை, ஓட்டுப் போட்டு முடிந்ததும் அசைந்தது. 2021 நவம்பர் முதல் 2022 மார்ச்சு வரை, உத்தரப் பிரதேசம் முதலிய ஐந்து மாநிலத் தேர்தல்கள் அடங்கிய 137 நாட்கள், கச்சா எண்ணெய் 80 சில்லறை டாலரிலிருந்து 110-க்கு மேல் போயும், இங்கே ஒரு காசு ஏறவில்லை. தேர்தல் முடிவு வந்து சில நாட்களில் தினம் 80 காசு வீதம் ஏற ஆரம்பித்தது. சனி பெயர்ச்சிக்கும் குருப் பெயர்ச்சிக்கும் பஞ்சாங்கம் பார்க்கிறவர்கள் தேர்தல் கமிஷனின் தேதிப் பட்டியலைப் பார்த்திருந்தால் பெட்ரோல் ஜோசியம் பலித்திருக்கும்!

இந்த வரி காருக்கும் மொபெட்டுக்கும் ஒன்றுதான். ஒரு நாளைக்கு 5 லிட்டர் பெட்ரோல் போடும் ஆட்டோக்காரர் 2021-ல், லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு வீதம், மத்திய சர்க்காருக்கு மாத்திரம் தினம் 164 ரூபாய் 50 காசு கட்டினார். மாதம் 25 நாள் ஓட்டினால் அது 4,100 ரூபாய்க்கு மேல். வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன் என்று ஏழையைப் பார்த்து ஏளனம் செய்கிற பெரிய மனிதர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

நிற்க, விலை நம் கையில் இல்லையென்றாலும் செலவு ஓரளவு நம் கையில் இருக்கிறது. ஆனால் அதிலும் நம் தோழர்கள் செய்வதென்ன? வண்டி வாங்கிய அன்றே எலுமிச்சம் பழத்தைச் சக்கரத்தடியில் வைத்து நசுக்குகிறார்கள். புரோகிதருக்குத் தட்சணை கொடுக்கிறார்கள். முன்னால் எலுமிச்சையும் மிளகாயும் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஆயுத பூஜையன்று நடு ரோட்டில் பூசணிக்காயை உடைத்து, அதில் வழுக்கி விழுகிறவனுக்கு வேறு திருஷ்டி கழிக்க வைக்கிறார்கள். இவ்வளவும் செய்யும் அந்தச் சக்கரத்தில் காற்று எவ்வளவு இருக்கிறதென்று பார்க்கிறவர் பத்தில் ஒருவராவது இருப்பாரா? காற்றுக் குறைந்த டயர் சாலையில் அதிகமாக அமுங்குவதால், அதை உருட்ட இஞ்சின் அதிகம் உழைக்க வேண்டியதாகிறது. அந்த உழைப்பெல்லாம் பெட்ரோலே. பங்குகளில் காற்று இலவசமாகவே பிடிக்க வேண்டுமென்பது விதி. தலைவிதியல்ல, சர்க்கார் போட்ட விதி!

வேகமும் அப்படித்தான். எதிர்க்காற்றின் தடை வேகத்தின் இருமடிக் கணக்கில் கூடுகிறது. 40 மைலில் போகிறவன் 80 மைலில் போனால் தடை நாலு மடங்கு. மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வரையிலான வேகமே சிக்கனமானதென்று 1978-ல் ஏற்பட்ட பெட்ரோலியச் சேமிப்புச் சங்கம் சொல்லி வருகிறது. சட்டென்று முறுக்கி உடனே பிரேக் பிடிப்பது காசைக் கொடுத்து வாங்கிய வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடுவதாகும். கிளட்சில் காலை வைத்துக் கொண்டே ஓட்டுவது, சிக்னலில் ஒரு நிமிஷம் நிற்கும்போதும் இஞ்சினை உறும விடுவது, அழுக்கடைந்த காற்று வடிகட்டியைக் கவனியாமல் விடுவது எல்லாம் இதே ஜாதி. இவற்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு மிச்சமானால், மேலே சொன்ன ஆட்டோக்காரருக்கு தினம் அரை லிட்டர். லிட்டர் 100 ரூபாயானால் மாதம் 1,250 ரூபாய். இது யாருக்கும் தட்சணை கொடாமல் கிடைப்பது.

காலையில் குளிர்ந்த நேரத்தில் போட்டால் பெட்ரோல் அதிகம் கிடைக்குமென்ற நம்பிக்கையும் ஊரில் பரவியிருக்கிறது. பெட்ரோல் சூட்டில் விரிவது உண்மையே. ஒரு டிகிரிக்கு லிட்டரில் ஏறக்குறைய ஒரு மில்லி. ஆனால் பங்கின் தொட்டி பூமிக்கடியில் புதைந்திருக்கிறது. அங்கே காலைக்கும் மத்தியானத்துக்கும் சூடு பெரிதாக மாறுவதில்லை. நூறு ரூபாய்க்குப் போட்டால் ஏமாற்றுவான், 110-க்குப் போட்டால் தப்பலாம் என்பது இன்னொரு மந்திரம். ஏமாற்ற நினைக்கிறவனுக்கு 110 என்று கேட்டால் கை நடுங்கிவிடுமா?

அளவில் சந்தேகமிருந்தால் அதற்கு எண் ஜோசியம் பரிகாரமல்ல. ஒவ்வொரு பங்கிலும் எடையளவு இலாகாவின் முத்திரை போட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரம் இருக்க வேண்டும். வாங்குகிறவர் யாராயிருந்தாலும் அதில் பிடித்துக் காட்டச் சொல்லிக் கேட்க உரிமையுண்டு. ஐந்து லிட்டரில் 25 மில்லிக்கு மேல் குறைந்தால் புகார் எழுதலாம். புகார்ப் புத்தகமும் அங்கேயே இருக்க வேண்டியதுதான்.